லவோன் வீட்டு வரிப்பாக்கி

சொல்ல எனக்கென்ன வெட்கம்? வயிற்றெரிச்சல்தான். என் புருஷன் வெர்னின் முதல் பெண்டாட்டி லவோன். அவள் வீட்டை வளைத்துப் போடத்தான் அன்றைக்குக் கவுண்டி என்கிற எங்கள் மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன்.

வீட்டு வரி கட்டாதவர்கள் பட்டியல் பேப்பரில் வந்திருந்தது. அதில் அவள் பெயரும் இருந்தது. அவள் பாக்கியை ஏலத்தில் எடுத்து நான் கட்டிவிட்டால், வட்டியோடு எனக்குத் திருப்பித் தரவேண்டும். இரண்டரை வருஷத்தில் தராவிட்டால் வீடே என் கைக்கு வரும். அந்த மூதேவி பீச் பழம் வைத்துச் சுடும் ‘பை’ பலகாரத்தின் பெருமையை ஊரார் வாயால் பதினாறு வருஷமாகக் கேட்டுக் காது புளித்துப்போனவள் நான்.

எங்கள் ஊரில் இந்த ஏலம் தலைகீழ். பதினெட்டு சதவீத வட்டியில் தொடங்கிக் கீழே இறங்கும். யார் குறைந்த வட்டிக்குச் சம்மதிக்கிறாரோ அவருக்கே பாக்கி. எடுத்த எடுப்பிலேயே ‘பூஜ்யம்’ என்றிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அவளிடம் வட்டியும் கறக்கவேண்டுமே! பேராசை யாரை விட்டது?

லவோன் பெயரை வாசித்ததும் என் ஏல எண் எழுதிய அட்டையைத் தூக்கினேன்.

“பதினெட்டு!”

“பதினஞ்சு” என்றார் பக்கத்து நாற்காலி ஆர்லோ. வருஷம் தவறாமல் ஏலத்துக்கு வருகிற கிழவர்.

“யோவ் பெருசு, இந்த இடிஞ்ச வீடு உனக்கெதுக்கு?”

“உனக்கு எதுக்கோ, அதுக்குத்தான்.”

“பத்து!”

“எட்டு.”

“மூணு!”

ஆர்லோ கையை விரித்தார். “நீயே வச்சுக்கம்மா. மூணு வட்டிக்கு எந்தக் கிறுக்கன் காசு போடுவான்?”

அதிகாரி என் எண்ணை எழுதப் பேனாவை எடுத்தார்.

“பூஜ்யம்.”

கடைசி வரிசையிலிருந்து வந்தது அந்தக் குரல். திரும்பிப் பார்க்கத் தேவையே இல்லை. டிராக்டருக்கு டயர் வாங்கப் போகிறேன் என்று காலையில் சொல்லிவிட்டுப் போன என் புருஷன்.

பணம் கட்டும் வரிசையில் போய் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

“இதுதான் நீ வாங்கப் போன டயரா?”

“பேப்பர்ல அவ பேரைச் சுத்தி வட்டம் போட்டு வச்சிருந்தியே. உன் புத்தி எனக்குத் தெரியாதா? அவளைத் தெருவுல நிக்க வச்சிருப்ப.”

“நின்னா உனக்கென்னய்யா நோவுது?”

“பாவம்னு பார்த்தேன், கிளென்டா. வேற ஒண்ணுமில்ல. அவளை நான் நினைச்சே எத்தனையோ வருஷமாச்சு.”

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பேச்சில் மனசு பாதி இறங்கிவிட்டது. போகட்டும், இரக்கப்பட்ட மனுஷன் என்று விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “எந்த வீடுங்க? பார்சல் நம்பர் சொல்லுங்க.”

ஒவ்வொரு மனைக்கும் கவுண்டி போட்டிருக்கிற பதினாலு இலக்க எண் அது. அவனுக்கு எடுத்துக் கொடுக்கலாமென்று, நான் குறித்துவைத்த சீட்டைப் பைக்குள் தேடினேன். வெர்ன் எதையும் தேடவில்லை. மடமடவென்று பதினாலு இலக்கத்தையும் ஒப்பித்தான். ஒன்றுகூடத் தப்பவில்லை.

என் பிறந்தநாள் ஜூனிலா ஜூலையிலா என்று இன்றுவரை திணறுகிற பாவி!