முதல் காய்ப்பு

தெருமுனையில் நான் தொங்கவிட்டிருந்த பொறியில் அந்தப் பாழாய்ப்போன பழ ஈ விழுந்திருந்தது. பார்க்கச் சின்னக் குளவி மாதிரி இருக்கும், முதுகில் மஞ்சள் கோடு. இந்த நாட்டு ஈயே இல்லை. யார் பையிலோ, ஏதோ பழத்துக்குள் புழுவாக வந்து இறங்கியது. பொறியில் வைக்கும் வாசனைக்கு ஆண் ஈதான் மயங்கி வரும். பெண் ஈ அக்கம்பக்கத்துக் காய்களைக் குத்தி முட்டை வைத்துக்கொண்டிருக்கும். சுற்றுவட்டாரத்தில் ஒரு காய்கூட மரத்தில் இருக்கக் கூடாது என்று எங்கள் வேளாண்மைத் துறை அதிகாரி சொல்லிவிட்டார். வீடு வீடாகப் போய்ப் பறித்து அழிப்பது என் வேலை.

என் நேரம், தங்கை வீடும் அதற்குள்தான் இருந்தது.

அவள் வீட்டுக் கொய்யா, அவள் புருஷன் வைத்தது. மனிதர் தினமும் அதனிடம் போய், எப்போதம்மா காய்க்கப்போகிறாய் என்று விசாரிப்பார். நான் கேலி செய்து வாய் வலித்ததுதான் மிச்சம். போன மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். மரம் இப்போதுதான் முதல் தடவையாகக் காய்த்திருக்கிறது. அவருடைய பழைய சட்டைகளைக் கிழித்துப் பை தைத்து, ஒவ்வொரு காய்க்கும் கட்டி, கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தாள் தங்கை.

"ஒண்ணே ஒண்ணு விட்டுட்டுப் போக்கா. அவர் கையால வச்சது, ஒரு வாய் தின்னுட்டுத் தர்றேன்."

துணி கட்டியிருக்கும்போது எந்த ஈ நுழையும் என்று வேறு வாதாடினாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காய் பெருத்த பிறகு கட்டி என்ன பிரயோஜனம் என்று கத்திக்கொண்டே ஒரு பையை அவிழ்த்தேன். பழத்தின் தோலில் ஊசி குத்தியது போல ஒரே ஒரு புள்ளி. அறுத்தேன். உள்ளே கூழாகிக் கிடந்த சதையிலிருந்து வெள்ளைப் புழுக்கள் துள்ளி விழுந்தன.

அவள் அழவில்லை. இது எப்படி இங்கே வந்தது என்று மட்டும் கேட்டாள். புழு மண்ணுக்குள் போய்க் கூடு கட்டி ஈயாக வெளியே வரும், யாரோ கெட்டுப்போன வெளிநாட்டுப் பழத்தை மண்ணில் போட்டிருப்பார்கள் என்று வேலை ஞாபகத்தில் கடகடவென்று சொல்லிவிட்டேன்.

தங்கை மரத்தடியையே பார்த்தாள்.

"அவர் படுத்திருந்தப்போ சிநேகிதர் வெளிநாட்டுலேர்ந்து மாம்பழம் கொண்டாந்தாரே. உள்ள அழுகல். மரத்துக்கு உரமாகட்டும்னு இங்கதான் புதைச்சார். மண்வெட்டி தூக்கத் தெம்பில்ல. கையாலயே, மேலாப்புல நோண்டி..."

ஆழமாகப் புதைத்திருந்தால் ஒன்றும் வந்திருக்காது. "அதெல்லாம் இல்லடி, யார் வீட்டு ஈயோ" என்றேன். அவள் நம்பவில்லை.

பிறகு அவளே எல்லாக் காய்களையும் பறித்துக் கறுப்புப் பையில் போட்டாள். துணியையும் போட வேண்டுமா என்று கேட்டாள். துணியிலும் புழு இருக்கும், போடத்தான் வேண்டும் என்றேன். நீலக் கட்டம் போட்ட சட்டைத் துண்டு ஒன்றை மட்டும் முகத்தருகே கொண்டுபோனாள்.

"அழுகின வாசனைதான்கா வருது" என்று சொல்லி, அதையும் உள்ளே போட்டாள். நான் பையின் வாயை இறுக்கிக் கட்டினேன்.