தோட்டத்து மின்குமிழ்கள்

...குமிழ் ஒன்றைக் கழற்றினால் போதுமா, எல்லாவற்றையுமா, ஒன்று எரியாவிட்டால் பழுது என்று நம்புவார்கள், எல்லாமே எரியாவிட்டால்? குரோட்டன் வேலியோரம் குந்தியிருந்து விளக்கின் கண்ணாடிக் கூட்டைத் துடைக்கிறேன், துடைப்பது போல நடிக்கிறேன் என்பதே சரி, சனிக்கிழமை பின்னேரங்களில் நான் இந்தத் தோட்ட விளக்குகளோடு மினக்கெடுவது பேராதனையில் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் தெரியும், ஒருவருக்கும் சந்தேகம் வராது. உள்ளே செத்த ஈசல், உடைந்த பல்லி முட்டை, மழைத்தண்ணீர் இறங்கிக் கறல் பிடித்த ஹோல்டர்... வழமையான வேலைதான், இன்றைக்கு மட்டும் ஏன் இந்த நடிப்பு? காலையில் பாண் வாங்கப் போனபோது கண்ட சுவரொட்டிதான். அரசாங்கத்தோடு மோதும் கலகக்காரச் சிங்களப் பெடியன்கள் தங்கள் மொழியில் எழுதியிருந்தார்கள், இன்றிரவு எந்த வீட்டிலும் வெளிச்சம் தெரியக்கூடாது, தெரிந்தால் மரணம். வெறும் வெருட்டல் என்று தள்ளிவிட முடியாது, போன கிழமை பாலத்தடியில் செத்துக் கிடந்தவரை நானே கண்டேன், கண்டும் காணாதவன் போல நடந்தேன். சரி, இருட்டிலேயே இருப்போம் என்றால், மத்தியானம் ஆமி ஜீப் ஒலிபெருக்கியோடு வந்து போனது, வாசலில் விளக்கு எரியாத வீட்டுக்காரனைக் கலகக்காரரின் ஆள் என்றே எடுத்துக்கொள்வார்களாம். ஒருத்தன் போடாதே என்கிறான், மற்றவன் போடு என்கிறான், இரண்டு பேரிடமும் துவக்கு இருக்கிறது.

"கெதியாக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வாங்கோப்பா, பழுதாப் போச்செண்டு சொல்லுவம்." யன்னலுக்குள்ளிருந்து சத்தியபாமா, என் மனைவி. யோசனை அவளுடையதுதான். பெடியன்களுக்கு இருட்டு, ஆமிக்குப் பழுது, எவ்வளவு கெட்டிக்காரத்தனம், சிரிப்பு வருகிறது. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் இதே யன்னலுக்குக் கீழே இரண்டு பேரும் படுத்துக் கிடந்தோம், வாசலில் யார் நிற்கிறார்கள், எத்தனை பேர் என்று தெரியாததுதான் கல்லெறியை விடப் பெரிய பயம், அதற்குப் பிறகுதான் வாசல்வரை இந்த விளக்குகளைப் போட்டேன், வருகிறவன் முகத்தையாவது காணலாம் என்று. அன்றிலிருந்து இன்னொரு பழக்கமும் பிடித்துக்கொண்டது, யார் எதைச் சொன்னாலும் முதல் ஆளாகச் செய்துவிடுவது. கொடி ஏற்றச் சொன்னால் ஒழுங்கையில் முதலில் பறப்பது எங்கள் வீட்டுக் கொடி, வெளியே வராதே என்றால் முதலில் படலையைப் பூட்டுவது நான்தான். கொஞ்சம் பிந்தினாலும் தமிழன் எதிர்க்கிறான் என்று சொல்லிவிடுவார்களே, அந்தப் பயம், இந்த ஆறு வருடத்தில் எனக்கு வேறு குணமே இல்லாமல் போய்விட்டது.

மற்ற வீடுகளில் வாசல் விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன, ஜீப்புக்குத்தான் பயம் போல, அப்படியானால் நானும் போடுவதா... கடைசிக் குமிழும் மடிக்குள் வந்துவிட்டது, இனி என்ன யோசனை. பக்கத்து வீட்டுப் பளீல், கெலிஓயாவில் புடவைக்கடை வைத்திருப்பவர், வேலிக்கு மேலால் தலையை நீட்டுகிறார்.

"சேர், லைட்டு போடல்லயா?"

"பழுதாப் போச்சு பளீல், ஒண்டும் எரியாது."

"சரி சேர், சரி சரி." அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. என் விளக்கு பழுதானதில் அவருக்கு என்ன நிம்மதி?

நிமிர்வதற்குள் அவர் வீட்டு வாசல் இருண்டது. பிறகு எதிர்வீட்டு ஸ்டேஷன் மாஸ்டர் ஐயாவின் வாசல், இவ்வளவு நேரமும் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று என்னைத்தான் பார்த்திருக்கிறார். பிறகு வளைவில் இருக்கும் வீடு, அதற்கும் அப்பால் இன்னொன்று... எல்லோரும் ஒரு ஆளுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள், யாராவது முதலில் செய்யட்டும் என்று. கடவுளே, இரவு ஜீப் வந்து இந்த ஒழுங்கையில் யார் தொடக்கியது என்று கேட்டால், இவர்கள் ஒருவரும் கெட்டவர்கள் இல்லை, பொய் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, கையை நீட்டிக் காட்டினால் போதும்.

மடியிலிருந்து ஒரு குமிழை எடுத்துத் திரும்பக் கொழுவப் போகிறேன். கொழுவினால், இப்போது வெளிச்சம் தெரிகிற ஒரே வீடு எங்களுடையது.

"என்னப்பா செய்யிறியள்?" என்கிறாள் சத்தியபாமா.