ஹவில்தார் புதைத்த லில்லிக் கிழங்குகள்

சிவபாண்டி ராணுவத்தில் இருபத்திநாலு வருஷம் இருந்தார். அப்புறம் கோயம்புத்தூரில் ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியும் கையுமாகப் பதினாறு வருஷம் நின்றார். போன ஐப்பசியில்தான் முழுசாக ராஜபாளையத்துக்கு வந்து சேர்ந்தார். வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருப்பதற்கு இந்த ஊரில் இடமா இல்லை? டீக்கடை இருக்கிறது, பஸ் ஸ்டாண்டு இருக்கிறது, வேலை இல்லாதவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பார்க் இருக்கிறது. மனுஷன் வீட்டைத் தேர்ந்தெடுத்தார்.

முதல் வாரம் குக்கர் விசிலுக்கு நேரம் குறித்தார். இரண்டாவது வாரம் கொடியில் காயும் துணிகளை உயர வாரியாக மாற்றிப் போட்டார். மூன்றாவது வாரம் இட்லிகள் எல்லாம் ஒரே அளவாக இல்லை என்று ஸ்கேலோடு அடுப்படிக்குள் வந்து நின்றார். அவர் மனைவி செல்வலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போனாள். இருபத்தெட்டு வருஷமாக லீவில் வந்து போகும் புருஷனையே பார்த்துப் பழகியவள் அவள். லீவே முடியாத புருஷன் அவளுக்குப் புதுசு.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அவர் பார்வை கொல்லைப்புறத்துக்குப் போனது. அதுதான் வினை. அங்கே ஆறு சிமெண்ட் தொட்டிகளில் செல்வலட்சுமியின் சிவப்பு லில்லி இருந்தது. நினைப்பு வந்தால் தண்ணீர் ஊற்றுவாள், வராவிட்டால் இல்லை. தை மாசியில் இலை பழுத்து விழுந்தாலும் ஏனென்று கேட்கமாட்டாள். சித்திரையில் ஒரு கோடை மழை பெய்ததும் இலைக்கு முந்தியே தண்டு கிளம்பி, தண்டுக்கு நாலு பூவாகச் செக்கச்செவேலென்று பூத்து நிற்கும். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகும். அன்றைக்கு அவள் பீரோவிலிருந்து நல்ல சேலையை எடுத்துக் கட்டுவாள். தனியாளாகப் பிள்ளை வளர்த்து, மாமியாருக்குப் பணிவிடை செய்து ஓய்ந்தவளுக்குத் தனக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான்.

சிவபாண்டி கண்ணுக்குப் பூவா தெரியும், மாசம் மார்கழி. அவருக்குத் தெரிந்தது கிழங்குகள். பெரிய வெங்காயம் போல ஒவ்வொன்றும் பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியேயுமாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு இருந்தன. எல்லையில் பதுங்கு குழிக்குள்ளிருந்து தலையைத் தூக்கினவன் கதி என்னவென்று அவருக்குத் தெரியும். களைவெட்டியை எடுத்தார். ஆறையும் தோண்டி, ஒரு சாண் ஆழத்துக்கு இறக்கி, உச்சந்தலை தெரியாமல் மண்ணைப் போட்டு மிதித்து இறுக்கினார். மூன்றாவது கிழங்கின் தோளில் களைவெட்டி ஆழமாகப் பட்டுவிட்டது. அதையும் மூடினார். தொட்டிகளுக்கு ஒன்றிலிருந்து ஆறு வரை வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்டுவிட்டு, கடைக்குப் போயிருந்த மனைவிக்காகக் காத்திருந்தார்.

"என்ன செஞ்சீக?" என்றாள் செல்வலட்சுமி.

"தலை வெளிய தெரிஞ்சது. உள்ள இறக்கிப் பாதுகாப்புப் பண்ணிட்டேன்."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவர் தப்பித்திருப்பார். உள்ளே போய்ப் பையில் நாலு சேலையைத் திணித்துக்கொண்டு வந்தாள். "என் லில்லி பூக்கட்டும். அன்னைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறி மடவார் வளாகத்தில் மகள் அனுசியா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ரெண்டாம் நாளே வீடு அவருக்குப் பெரிசாகிவிட்டது. இட்லி ஒரே அளவாக வந்தது, எடுத்துக்காட்டத்தான் ஆளில்லை. மூன்று பேர் சத்தமாகப் பேசிக்கொண்டு இருந்தால் தேவலை என்று டிவியைப் போட்டுவிட்டுச் சாப்பிட்டார். அவள் வர வேண்டும். அதற்கு லில்லி பூக்க வேண்டும். உத்தரவு தெளிவாக இருந்தது, வேலையில் இறங்கினார். காலை ஐந்து மணிக்கு ஒரு வாளி, சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு வாளி. திங்கட்கிழமை யூரியா, வெள்ளிக்கிழமை சாணிக் கரைசல். ஒரு மாசத்தில் அத்தனையும் இலையாகக் கிளம்பி, கோரைப்புல் மாதிரி மண்டியது. போட்டோ எடுத்து மனைவிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "இலையா கேட்டேன்?" என்று பதில் வந்தது.

மானத்தை விட்டு, செடி நர்சரி நடத்தும் பிரிஸ்கில்லாவிடம் போனார். அந்தம்மா தொட்டியை வந்து பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

"அண்ணாச்சி, இது கிழங்கா பொணமா? இம்புட்டு ஆழத்துலயா புதைப்பாக? கழுத்து வெளிய தெரியணும். கிழங்கை எடுத்து நெழல்ல காயப் போடுங்க. ஆறு வாரம் அது தூங்கணும். பொறவு மேலாக நட்டு, ஒரே ஒரு தண்ணி. அதுக்கு மேல ஒண்ணும் செய்யக் கூடாது."

"சரி. காலையில எத்தனை மணிக்கு?"

"எது?"

"அந்த ஒண்ணும் செய்யாதது."

பிரிஸ்கில்லா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நாள் பூராவும் அண்ணாச்சி" என்றாள்.

ஆறு வாரமும் கிழங்குகளைச் சாக்கில் பரப்பி, எதிரே நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். பங்குனிக் கடைசியில் கழுத்து தெரிய நட்டு, ஒரு தண்ணீர் ஊற்றினார். அதோடு விட்டாரா என்றால், மண்ணை விலக்கி வேர் விட்டிருக்கிறதா என்று தினம் ரெண்டு தரம் பார்த்தார். விஷயம் தெரிந்து பிரிஸ்கில்லா போனில் கத்தினாள். "அண்ணாச்சி, நீங்க ஊர்ல இருக்கிற வரைக்கும் அது பூக்காது. எங்கயாவது போயிருங்க."

போக அவருக்கு வேறு போக்கிடம் ஏது? சித்திரை பிறந்த மூன்றாம் நாள் மகள் வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றார். "நான் ஒண்ணும் செய்ய வரலை. சும்மா இருக்கத்தான் வந்திருக்கேன்" என்றார். செல்வலட்சுமி ஒரு பார்வை பார்த்துவிட்டு, முகம் கொடுக்காமல் அடுப்படிக்குள் போனாள். அனுசியா ஓடிப்போய் வீட்டிலிருந்த ஸ்கேலை ஒளித்து வைத்தாள்.

அவள் பயந்தது சரிதான். மறுநாள் காலை நாலரைக்கு வீடு முழுக்க லைட் எரிந்தது. செருப்புகள் வாசலில் வரிசை கட்டி நின்றன. தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி, பாசி இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். மருமகன் விக்னேஷ்வரன் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் சூப்பர்வைசர். தங்கமான பையன். அவன் சட்டைக்கு மாமனார் கஞ்சி போட்டுத் தேய்த்ததில், கையை மடக்க முடியாமல் வண்டி ஓட்டிப் போனான். அதற்கு மறுநாளிலிருந்து கேட்காமலே ரெண்டு ஷிப்டு பார்த்தான்.

"யம்மா, அப்பாவைக் கூட்டிட்டுப் போ. எங்க வீட்டுக்காரரு இந்த வீட்டுக்கு வாரதையே விட்டுருவாரு போலருக்கு" என்றாள் அனுசியா.

"பூத்தாத்தான் போவேன்னு சொல்லிட்டேன்லா? என் பேச்சுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?" என்றாள் செல்வலட்சுமி. அதற்குப் பிறகு தாயும் மகளும் செத்த நேரம் குசுகுசுவென்று பேசினார்கள். சிவபாண்டி அப்போது மாடியில் டிஷ் ஆன்டெனாவை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

ரெண்டு நாள் கழித்து, ஷிப்டு முடிந்து வந்த மருமகன் சொன்னான்: "மாமா, போற வழியில வீட்டை எட்டிப் பாத்தேன். கொல்லையில லில்லி பூத்திருக்கு."

சிவபாண்டி எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. "சொன்ன சொல்லு சொல்லுதான், வேற என்ன செய்ய" என்று அலுத்துக்கொண்டே செல்வலட்சுமி பையைத் தூக்கினாள். அந்தப் பை எப்போதோ கட்டி வைத்திருந்தது. சந்தோஷத்தில் அவர் அதைக் கவனிக்கவில்லை.

பஸ் ஏறி ராஜபாளையம் வந்தார்கள். வீட்டில் நுழைந்ததும் நேரே கொல்லைக்குப் போனார். மூன்றாம் நம்பர் தொட்டியில் ஒரு தண்டு, நாலு பூ, செக்கச்செவேல். குனிந்து கிழங்கைப் பார்த்தார். கழுத்து வெளியே தெரிந்தது, தோளும் தெரிந்தது. தோளில் வெட்டு இல்லை. அவர் கையால் பட்ட வெட்டு, வழவழவென்று ஆறிவிடுமா? தடவிப் பார்த்தார். இது வேறு கிழங்கு. யாரோ வாங்கி வந்து வைத்திருக்கிறார்கள்.

செல்வலட்சுமி பின்னாலேயே வந்து, "அடேயப்பா, பூத்துருச்சே!" என்று முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து மூன்று மாசம் ஆகியிருந்தது. வெட்டு விஷயம் அவளுக்குத் தெரியாது. அவர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அவள் உள்ளே போய் உலை வைத்துவிடுவாள். வாழ்க்கையில் ஒன்றும் செய்யாமல் இருந்தாக வேண்டிய ஒரே நேரம் அது. அதுவும் மனுஷனுக்கு வரவில்லை.

"இது நம்ம லில்லி இல்ல, செல்வம்" என்றார். "நம்மதுல நான் போட்ட வெட்டு இருக்கு. மாப்பிள்ளைதான் கடையில வாங்கி வச்சிருக்கணும். நம்மது பூக்கல. நீ சொன்ன கணக்குப்படி நீ இருக்க வேண்டியதில்ல." சிப்பாய்களை அதட்டிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. "ஆனா போகாத."

செல்வலட்சுமி சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மாப்பிள்ளை எங்க வாங்குனாரு? நாந்தான் போன்ல பிரிஸ்கில்லாட்ட ஒண்ணு கொண்டாந்து வைக்கச் சொன்னேன். பின்ன, உங்களை அங்க இன்னொரு வாரம் விட்டுருந்தா மாப்பிள்ளை வெளிநாட்டுக்கு ஓடியிருப்பாரு."

அவள் சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்தாள். துடைத்த பிறகும் கண் நிறைந்தது.

"இருபத்தெட்டு வருஷமா, ஒவ்வொரு தடவையும் லீவு முடிஞ்சு நீங்க பெட்டியத் தூக்கும்போது, 'போகாதீக'ங்கிற இந்த ஒரு வார்த்தையத்தான் சொல்ல முடியாம முழுங்கிட்டு வாசல்ல நிப்பேன்" என்றாள். "உங்களுக்கு மூணே மாசத்துல வந்துருச்சு."

சிவபாண்டி அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.