இரண்டு மில்லி தப்பு

லேத்துக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பட்டறையை விட்டு வெளியே போகிற எந்த உருப்படியானாலும், சுண்டுவிரல் பருமன் புஷ்ஷே ஆனாலும், அதன் விளிம்பில் நம்பர் பஞ்ச் என்ற எண் அச்சை வைத்துச் சுத்தியலால் தட்டித் தேதியைப் பதித்துவிடுவான். ஒரு தடவை ஒருத்தன் மூன்று வருஷம் ஓடித் தேய்ந்த ஷாஃப்டைக் கொண்டுவந்து, "போன மாசம்தானே செஞ்சு கொடுத்தே" என்று தெருவே கூடும்படி கத்திவிட்டுப் போனான். அன்றைக்குப் பிடித்த பழக்கம். சாப்பிட மறந்தாலும் மறப்பான், தேதி அடிக்க மறக்க மாட்டான். "உன் பிள்ளை பிறந்தப்ப காதுல அடிச்சியாண்ணா?" என்று தங்கச்சி கூட கேலி செய்வாள்.

அந்தத் தங்கச்சியின் காருக்குத் தட்டு செய்தபோதும் அடித்தான். பிப்ரவரி பதினொன்று.

கார் சின்னது, பதினெட்டு வயசு. கல்யாணத்துக்கு முன்னால் பள்ளிக்கூட லேபில் வேலை பார்த்த சம்பளத்தில் அவளே வாங்கியது. எண்ணூறு சிசி எஞ்சின். மேடேறினால் மூச்சு வாங்கும், ஆயிலைத் தண்ணீர் மாதிரி குடிக்கும். மாப்பிள்ளை, அதாவது அவள் புருஷன், பாட்டில் கம்பெனியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது. பின்பக்கம் நொறுங்கிப்போன ஒரு பெரிய காரிலிருந்து ஆயிரத்து முந்நூறு சிசி எஞ்சினை வாங்கிவந்தார். பழசைக் கழற்றி எடைக்குப் போட்டார். ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து திட்டம் எழுத உட்கார்ந்தார். மவுண்ட் எங்கே வரும், ரேடியேட்டரை எவ்வளவு முன்னால் தள்ளுவது, எந்த வயர் எதோடு சேரும், எல்லாம் கலர் கலராக. ஒரு குறை சொல்ல முடியாது. ஒரே சிக்கல், புது எஞ்சினின் ஓட்டைகளும் பழைய கியர்பாக்ஸின் ஓட்டைகளும் ஒன்றுக்கொன்று சேரவில்லை. நடுவில் பன்னிரண்டு மில்லி அலுமினியத் தட்டு ஒன்று வேண்டும். சில ஓட்டைகள் இதற்கு, சில அதற்கு. மயிரிழை பிசகினாலும் ஷாஃப்ட் ஒடியும். பெண்டாட்டியின் அண்ணனே லேத் வைத்திருக்கும்போது ஊரெல்லாம் எதற்கு அலைவது?

ரெண்டே நாளில் முடித்தான். தன் கையால் செய்ததிலேயே அழகான உருப்படி அதுதான் என்று அவனுக்கே பட்டது.

பதின்மூன்றாம் தேதி தங்கச்சிக்கு வேலை ஆர்டர் வந்தது. குடிநீர் வாரியத்தின் லேபில் தண்ணீரைச் சோதிக்கிற வேலை. எட்டு வருஷமாக விடாமல் பரீட்சை எழுதி வாங்கியது. லேப் இருந்தது ஏரிக்கு அந்தப் பக்கம், இருபத்தாறு கிலோமீட்டர். காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட், முதல் பஸ்ஸே ஏழரைக்குத்தான். மார்ச் முப்பத்தொன்றுக்குள் சேர வேண்டும். கார் ஓடினால் வேலை உண்டு, ஓடாவிட்டால் இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

மறுநாள் மாப்பிள்ளை பட்டறைக்கு வந்தார்.

"தட்டு முடிஞ்சிருச்சா மச்சான்?"

"பளபளன்னு முடிச்சு வச்சிருக்கேன் மாப்பிள்ளை. எடுத்துட்டுப் போங்க."

மாப்பிள்ளை அதைத் தூக்கிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், திரும்ப வைத்துவிட்டார். "இங்கயே இருக்கட்டும். ஏப்ரல் வரைக்கும் இது முடியல. புரியுதா? அவ கேட்டா அளவு வரலைன்னு சொல்லுங்க. நீங்க முடிக்கலைன்னு நான் சொல்றேன். வேலைக்குப் போகாதேன்னு நான் வாயைத் திறந்து சொன்னா கெட்டவனாயிடுவேன். கார் ஓடலைன்னா யாரைக் குத்தம் சொல்றது?" சொல்லிவிட்டுச் சிரித்தார். "அப்புறம், கம்பெனியில புது லைன் போடுறாங்க. ரோலர் மட்டும் நாற்பது வேணும்."

பட்டறை வேலையில் முக்கால்வாசி பாட்டில் கம்பெனி கொடுப்பதுதான். அதைக் காரணமாகச் சொல்லிக்கொள்வது சுலபம், அவனும் அதைத்தான் சொல்லிக்கொண்டான். உள்ளே கிடந்த அழுக்கு வேறு. பத்தாவதோடு அவனை லேத்தில் நிறுத்திவிட்டு, அப்பா அவளைத்தான் காலேஜுக்கு அனுப்பினார். அவள் படிப்பு அடுப்படியில் கிடந்தவரை அண்ணனுக்குப் பாசம் பொங்கி வழிந்தது. "பார்த்தியாண்ணா" என்று அவள் ஆர்டரை நீட்டியபோது வயிறு எரிந்தது. பாசமும் பொய்யில்லை, எரிச்சலும் பொய்யில்லை. தட்டைச் சாக்கில் சுற்றி மிஷினுக்கு அடியில் தள்ளினான்.

மார்ச் முதல் வாரம் அவளே வந்து நின்றாள். முழங்கை வரைக்கும் கிரீஸ்.

"அவர் நீ முடிக்கலைங்கிறார். நீ அவர் அளவு கொடுக்கலைங்கிற. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் பந்து மாதிரி உருளுறேன். அதான், அளவை நானே எடுத்துட்டேன்."

காருக்கு அடியில் படுத்து, கியர்பாக்ஸின் முகத்தில் மை தடவி, அட்டையை அழுத்தி அச்சு எடுத்திருந்தாள். எஞ்சினுக்கும் அப்படியே. இரண்டையும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து, ஓட்டைக்கு ஓட்டை தூரம் எழுதியிருந்தாள். லேபில் பழகிய கை, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

லேத்துக்காரன் வெர்னியர் அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தான். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஒவ்வோர் எண்ணும் அவனுக்கு மனப்பாடம். நூற்றுக்கு நூறு சரி. 'என் தங்கச்சிடா' என்று தெருவைக் கூட்டிக் காட்டலாம் போலிருந்தது.

"ரெண்டு மில்லி தப்பு" என்றான்.

"எங்கண்ணா?"

"இதோ, கீழ் ஓட்டை. இதை நம்பி அறுத்தா கியர்பாக்ஸே போயிடும்."

அவள் முகம் தொங்கிப்போனது. "நாலு தடவை அளந்தேனே."

"இதெல்லாம் படிச்சு வர்றதில்லம்மா. கைப்பழக்கம்."

இந்தக் கடைசிப் பேச்சை மாப்பிள்ளை சொல்லிக்கொடுக்கவில்லை. அது அவன் சொந்தச் சரக்கு. பேசிக்கொண்டிருந்தபோது அவள் செருப்பு நுனி அந்தச் சாக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் திரும்ப அளந்து கொண்டுவந்தாள். அதே எண்கள், சரியான அளவு வேறு எப்படி வரும்? "இப்பவும் அதே ரெண்டு மில்லி" என்றான். மூன்றாம் தடவை வந்தபோது கீழ் ஓட்டை மட்டும் இரண்டு மில்லி நகர்ந்திருந்தது.

"நான் அளந்தா பழைய அளவுதாண்ணா வருது. ஆனா நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். என் கண்ணுதான் மோசம் போலிருக்குன்னு மாத்திட்டேன்."

அங்கேயே சாக்கை உதறித் தட்டை எடுத்துக் கொடுத்திருக்கலாம். பின்னால் பாட்டில் கம்பெனியின் ரோலர்கள் வரிசையாக நின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு, "இப்பத்தாம்மா சரியா இருக்கு. இனிமே அலுமினியம் வரணும்" என்றான்.

அலுமினியம் வரவில்லை. முப்பத்தொன்றாம் தேதி போய்விட்டது. மறுநாள் மத்தியானம் அவள் போன் செய்தாள்.

"பட்டியல்ல அடுத்து இருந்த பொண்ணுக்குக் கொடுத்துட்டாங்கண்ணா." அவளே ஆறுதலும் சொன்னாள். "நீ மனசைக் கஷ்டப்படுத்திக்காத. உன்னால ஆனதை நீ செஞ்ச."

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்து கையை நீட்டினார். "எடுங்க மச்சான்."

லேத்துக்காரன் சாக்கைப் பிரித்தான். கனத்த தட்டு, ஒரு கீறல் விழவில்லை. திட்டம்தான் நோட்டில் பக்காவாகத் தயாராக இருந்ததே. மாப்பிள்ளை கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு இறங்கினார். புதன்கிழமை சாயங்காலம் "வாங்க, வந்து பாருங்க" என்று போன்.

கார் வீட்டு வாசலில் நின்றது. அக்கம்பக்கத்து ஆட்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். மாப்பிள்ளை சாவியைத் திருப்பினார், எஞ்சின் ஒரே திருப்பில் பிடித்தது. அந்தச் சின்ன உடம்புக்குள் அவ்வளவு பெரிய சத்தம். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

"வேலைன்னு இறங்கிட்டா நாலே நாள்!" என்றார் மாப்பிள்ளை. "எல்லாம் இவளுக்காகத்தான். ஆனா முதல் ஆயிரம் கிலோமீட்டர் நான்தான் ஓட்டணும். புது எஞ்சின், பழகாத கையில கொடுக்கக் கூடாது."

எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தங்கச்சி பானெட்டுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே தட்டின் விளிம்பு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. "அட, அண்ணன் தட்டு" என்று சிரித்தபடி, அதன் மேல் அப்பியிருந்த கிரீஸைக் கட்டைவிரலால் துடைத்தாள்.

அப்போதுதான் லேத்துக்காரனுக்கு ஞாபகம் வந்தது.

அவள் துடைப்பது நின்றது. குனிந்தபடியே இருந்தாள். ஒரு தடவை படித்தவள் விரலால் தடவி இன்னொரு தடவை படித்தாள். மை தடவிய அட்டைகளும், காருக்கு அடியில் முதுகு தேயக் கிடந்த மத்தியானங்களும், தன் கண்ணே மோசம் என்று நம்பித் திருத்திய அந்த இரண்டு மில்லியும் அவள் முதுகில் ஒவ்வொன்றாக ஏறுவதை அவன் பார்த்துக்கொண்டு நின்றான். 'தேதி தப்பா அடிச்சிட்டேன்மா' என்று சொல்லலாமா என்று கூட யோசித்தான். அவ்வளவு கேவலமாகிவிட்டிருந்தான்.

நிமிர்ந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, பட்டறை வாசலில் வந்து நிற்கிற எந்த வாடிக்கைக்காரியும் பார்ப்பது போல அவனைப் பார்த்தாள்.

"வேலை சுத்தமா இருக்கு லேத்துக்காரரே. தேதி கூட நல்லாத் தெளிவா விழுந்திருக்கு."

மாப்பிள்ளை உரக்கச் சிரித்தார். "என்னடி, கூடப் பிறந்த அண்ணனைப் போய் லேத்துக்காரருன்னுட்டு! வாங்க மச்சான், பின்னால ஏறுங்க. ஏரி வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

லேத்துக்காரன் பின்கதவில் கை வைத்தான். அவள் வந்து அந்தக் கதவைச் சாத்தினாள். அடித்துச் சாத்தவில்லை, மெதுவாகத்தான்.

"அவர் எதுக்குங்க? வீட்டு ஆளுங்க மட்டும் போவோம்" என்றாள் புருஷனிடம். பிறகு இவன் பக்கம் திரும்பி, "உங்களுக்குப் பட்டறையில வேலை கிடக்கும். நீங்க கிளம்புங்க" என்றாள்.

பிறந்ததிலிருந்து ஒரு நாளும் அவள் அவனை 'நீங்க' என்றதில்லை. திட்டினாலும் நீ, அழுதாலும் நீ, கெஞ்சினாலும் நீ. அவன் என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். வாடிக்கைக்காரர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், அவனைக் கேட்காமலேயே சொல்லிவிட்டது:

"சரிங்க."