இரண்டு சொல், ஒரே உதடு

கிடங்கு வாசலில் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, அவருடைய ஏழு வயது மகள் பட்டாணி "அம்மா" என்று கூப்பிட்டாள். பக்கத்திலிருந்த கூட்டாளிக்கு அது போதும். "யோவ், மீச வெச்ச அம்மா, உன்னத்தான் கூப்புடுது." சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் காலை, மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவதென்று அந்தச் சுமைதூக்கி அவளோடு ஆசிரியை முன் வந்து நின்றார்.

"மூணு வருஷமா வருது டீச்சர். அப்பனக்கூட அப்பான்னு கூப்புடத் தெரியல. வீட்டோட இருக்கட்டும்."

காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியை வாதாடவில்லை. குரல் கொடுக்காமல் உதட்டை மட்டும் அசைத்தார்.

"என்ன சொன்னேன்?"

"அம்மா."

மறுபடியும் அசைத்தார். "இப்ப?"

"அதே அம்மாதான்."

"ரெண்டாவது அப்பா. கண்ணாடியில நீங்களே சொல்லிப் பாருங்க."

பார்த்தார். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி ஒட்டி, ஒரே மாதிரி பிரிந்தது. நாற்பது வருடம் பேசிய வாய்க்கு இது தெரிந்திருக்கவில்லை.

"உதட்ட மட்டும் பாத்து அவளால பிரிக்க முடியாதுங்க. காதுல மெஷின் இருந்தா கொஞ்சம் கொஞ்சமா பிடிபடும். வீட்ல போட்டு விடுறீங்களா?"

"பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கழட்டி பீரோல வெச்சுப் பூட்டிடுவேன். ஒடைஞ்சிடக் கூடாதுல்ல?"

ஆசிரியை கணினியைத் திருப்பி, பட்டாணியின் மூக்கடியில், சில நாளாக அவள் பழகிவரும் சுண்டுவிரல் நுனியளவு கருவி ஒன்றைப் பொருத்தினார். திரையில் இரண்டு கோடுகள்: மேலே வாய் வழி வரும் சத்தம், கீழே மூக்கு வழி வருவது. பிறகு அப்பாவைச் சுட்டிக்காட்டினார்.

"அம்மா" என்றாள் பட்டாணி. கீழ்க்கோடு அலையாய் எழும்பியது. அதைப் பார்த்தவள் தானே தலையை ஆட்டி மறுத்தாள். உதட்டை இறுக்கி, மூச்சை அடக்கி, வெடித்தாள். மேல்கோடு நடுவில் அறுந்து மீண்டது. கீழ்க்கோடு அசையாமல் கிடந்தது.

அப்பா.

சுமைதூக்கியின் விரல் தன் மூக்கைத் தொட்டது. 'ம்' என்றார், எலும்பு அதிர்ந்தது. 'ப்' என்றார், அதிரவில்லை. மூட்டை சுமக்க மட்டுமே என்று அவர் நினைத்திருந்த உடம்புக்குள், மூக்குக்குப் போகும் மூச்சுக்கென்று ஒரு கதவு திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. அதை ஒரு கோடு காட்டிக் கொடுத்துவிட்டது. மகள் கண்ணாலேயே பிடித்துவிட்டாள்.

"இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க டீச்சர்."

பதினோரு தடவை சொல்ல வைத்தார். கடைசியில் பட்டாணி முறைத்தாள்.

"மெஷினப் பத்திரமா பாத்துக்கறதா நெனச்சு, புள்ளைக்கு வரவேண்டிய சத்தத்தப் பூட்டி வெச்சிட்டேன்," என்றார். "தேஞ்சாலும் அது காதுலயே தேயட்டும். எங்க கிடங்குல இன்னொருத்தனும் மகன் மெஷின டப்பாவோட வெச்சிருக்கான். நாளைக்கு அவனையும் இழுத்துட்டு வரேன். சொன்னா நம்ப மாட்டான், காட்டணும்."