மில் காது

“அவருக்குக் காது கேக்காது மேடம். மில்லுல இருந்தவரு.”

ஜோசப் ஆனந்த் இதைச் சொன்னபோது அவன் அப்பா சூசைநாதன் பக்கத்து ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்த பொய்யில்லை. டாக்டர் துர்கா தன் நாற்காலியை அப்பா பக்கம் திருப்பியதும் வாயில் வந்துவிட்டது. டாக்டர் உடனே நம்பினார். தறிச் சத்தத்தில் காதைத் தொலைத்த கிழவர்கள் புதுச்சேரியில் தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் சூசைநாதன் தறிப் பக்கமே நின்றவரில்லை. மில் கேட்டில் ஆட்கள் வந்துபோகும் நேரம் குறிக்கும் டைம் ஆபீஸ் கிளார்க். அடுப்படியில் மருமகள் மெரின் முணுமுணுப்பதுகூட இன்றைக்கும் அவருக்குக் கேட்கும்.

அப்பா மறுத்துவிடுவாரோ என்று ஆனந்த் ஓரக்கண்ணால் பார்த்தான். அவர் மகனை ஒருமுறை பார்த்தார். பிறகு சுவரிலிருந்த காலண்டரைப் பார்க்கத் தொடங்கினார். அந்த நிமிடத்திலிருந்து அவர் செவிடர்.

டாக்டர் ஆனந்திடம் பேசினார். “ரெண்டு கிட்னியும் கிட்டத்தட்ட நின்னுபோச்சு. இனிமே ரெண்டு வழி. டயாலிசிஸ் செய்யலாம், வாரத்துக்கு மூணு நாள் இங்க வரணும். இல்லன்னா டயாலிசிஸ் இல்லாம, மருந்தை வச்சே வீக்கம், மூச்சு வாங்கறது, அரிப்பு எல்லாத்தையும் பார்த்துக்கலாம். அதுவும் வைத்தியம்தான், கைவிடறது இல்ல. ஆனா நாள் கம்மியா இருக்கலாம். இந்த வயசுல எது நல்லதுன்னு நான் மட்டும் சொல்லிட முடியாது. அவருக்கு எது முக்கியம்னு தெரியணும்.”

“அவருக்கு என்ன மேடம் முக்கியம்? வயசாயிடுச்சு. மருந்தே போதும்.” ஆனந்த் குரலைத் தாழ்த்தினான். “வாரத்துக்கு மூணு நாள் யாரு கூட்டிட்டு வர்றது? எனக்குக் கம்பெனியில லீவு குடுக்க மாட்டாங்க. என் வொய்ஃபும் வேலைக்குப் போறா.”

செவிடருக்குப் பக்கத்தில் எதற்கு இந்த ரகசியக் குரல் என்று டாக்டர் நினைத்தாரோ என்னவோ, கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி சூசைநாதனின் காதுகளில் மாட்டினார். அதன் வட்டத்தைத் தன் வாயருகே பிடித்துக்கொண்டார். “காது மந்தமானவங்ககிட்ட இப்படித்தான் பேசுவோம்” என்றார் ஆனந்திடம்.

“ஐயா, கேக்குதுங்களா?”

சூசைநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “கேக்குதும்மா.”

எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார் டாக்டர். நாள் கம்மியாகலாம் என்பதையும் மறைக்கவில்லை. ஆனந்த் தலையைக் குனிந்துகொண்டான். கண்ணில் பட்டது அப்பாவின் கால்தான். வீங்கிய பாதத்தில் செருப்பு வார் பள்ளமாகப் பதிந்திருந்தது.

“மிஷின்ல போட்டா காலையில பூசைக்குப் போவ முடியுமாம்மா?”

“டயாலிசிஸ் இல்லாத நாள்ல போகலாம். சில நாள் ரொம்ப அசதியா இருக்கும்.”

“முடியலன்னா நடுவுல வுட்டுடலாமா?”

“எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம்.”

“அப்ப போட்டுப் பாப்பம்மா. இன்னும் கொஞ்ச நாளு இருக்கலாம்னு இருக்கு.” விருந்துக்குப் போன வீட்டில் இன்னொரு கரண்டி சோறு கேட்பவரைப்போலச் சூசைநாதன் கூச்சத்தோடு சொன்னார். பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: “அரியாங்குப்பத்துலேந்து பஸ் ஏறி நானே வந்துடுவேன். புள்ளைக்கு லீவு குடுக்க மாட்டாங்க.”

டாக்டரின் கை அப்படியே நின்றது. லீவுப் பேச்சு நடந்தபோது அந்தக் குழாய் பெரியவரின் காதில் இல்லை. டாக்டர் ஆனந்தைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு. சூசைநாதன் தானே ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி, துண்டால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

பஸ் ஸ்டாப்பில் கூட்டம். ஹாரன் சத்தத்துக்கு நடுவே எங்கிருந்தோ மாதா கோயில் மணி மெலிதாகக் கேட்டது. நடுப்பகல் ஜெபத்துக்கான மணி. சூசைநாதனின் கை தானாக எழுந்து நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவை போட்டது.

அவர் முடிக்கும்வரை ஆனந்த் காத்திருந்தான். பிறகு கிட்டே போனான்.

“அப்பா... உள்ள நான் சொன்னது...”

சூசைநாதன் உள்ளங்கையைக் குவித்துக் காதின் பின்னால் வைத்துக்கொண்டு மகன் பக்கம் சாய்ந்தார்.

“என்னாப்பா? சத்தமா சொல்லு.”

பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவின் கை காதை விட்டு இறங்கவில்லை.