ஐந்து நிமிடம் பேசக் கூடாது

கம்பெனி மருத்துவ அறையில், முனிகிருஷ்ணனின் இடக்கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை இறுகிப் பிறகு உஸ்ஸென்று தளர்ந்தது. நர்ஸ் மகா எண்ணைச் சொல்லுமுன் வாசலில் சாய்ந்திருந்த நாகேஷ் எட்டிப் பார்த்துவிட்டான்.

“நூத்தி எழுபத்தெட்டு! இன்னா குரு, பி.பி.யா, ஸ்பீடா?”

நாகேஷ் கம்பெனி பஸ்களின் பொறுப்பாளன். சந்தாபுராவிலிருந்து நாற்பத்திரண்டு பெண்களைத் தொழிற்சாலைக்கு ஏற்றிவரும் பஸ்ஸை ஒன்பது வருஷமாக முனிகிருஷ்ணன் ஓட்டுகிறான். அதில் தன் மச்சினனை உட்காரவைக்க நாகேஷ் காத்திருப்பது ஊருக்கே தெரியும். நூற்றறுபதைத் தாண்டினால் ஒரு மாதம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்பது கம்பெனி விதி.

“நீ எதிர்ல நின்னுகினு இருந்தா எவனுக்குத்தான் ஏறாது?” என்றான் முனிகிருஷ்ணன்.

“என் மச்சினனுக்கு ஏறலயே. தினம் நெய் தோசை துன்றான். நூத்தி இருபதுதான்.”

மகாவுக்குப் பொறுக்கவில்லை. “நாகேஷ் சார், வெளிய போங்க. அண்ணே, காலைத் தரையில வைங்க. அஞ்சு நிமிஷம் பேசக் கூடாது. திரும்பப் பார்க்கறேன்.”

கதவு சாத்தப்பட்டது. முனிகிருஷ்ணனுக்கு உள்ளூர ஒரு தெம்பு. ஏறியது நாகேஷால்தான் என்பதற்குச் சாட்சியாக நர்ஸே இருக்கிறாள்.

முதல் இரண்டு நிமிடம் மனசுக்குள் நாகேஷை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினான். அப்புறம் வசவு தீர்ந்துபோயிற்று. பேச்சில்லாத அறையில் அவனுக்குத் துணையாக அவன் மட்டும்தான் மிஞ்சினான்.

போன மாதம் நூற்று முப்பதுக்கு இறங்கியிருந்தது. அந்த வாரம்தான் பஸ் வாசலில் நின்று நாகேஷ், “மாத்திரை டிரைவர் வந்துட்டாரு, சாமி கும்பிட்டு ஏறுங்கம்மா” என்றான். பெண்கள் சிரித்தார்கள். மறுநாள் காலை மனைவி முத்தம்மா நீட்டிய மாத்திரை அவன் சட்டைப்பைக்குப் போய், வழியில் ஜன்னலுக்கு வெளியே விழுந்தது. இறங்கிவிட்டதே, இனி எதற்கு? அவனுக்காக அவளும் உப்பில்லாத குழம்பைத்தான் தின்கிறாள்.

மறுபடி பட்டை இறுகியது.

“நூத்தி எழுபத்திரண்டு,” மகா நெற்றியைச் சுருக்கினாள். “மாத்திரை ஒழுங்கா போடறீங்கதானே? அப்படின்னா அந்த ஆள் கிளப்பிவிட்ட டென்ஷன்னு எழுதறேன். நாளைக்கு இன்னொரு வாட்டி பார்த்துக்கலாம். அதுவரைக்கும் வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும்.”

போடறேன் என்று ஒரு சொல் போதும். முத்தம்மாவிடம் தினம் சொல்லிப் பழகிய சொல்தான். ஆனால் இன்று சாயங்காலம் ஓசூர் ரோட்டில், லாரிகளுக்கு நடுவே, முதுகுக்குப் பின்னால் நாற்பத்திரண்டு பேர் தூங்கிக்கொண்டு வருவார்கள்.  

“இல்ல சிஸ்டர். நிறுத்திட்டேன். இருபத்தாறு நாளாச்சு.”

கதவு படாரென்று திறந்தது. நாகேஷ் ஒட்டுக்கேட்டிருக்கிறான். “ஒத்துக்கினான் பாரு! எடு சாவிய.”

நீட்டிய கையைத் தாண்டி முனிகிருஷ்ணன் சாவியை மேசைமேல் போட்டான்.

“ஒரு மாசம். அப்புறம் எடுத்துக்குவேன்.”

“நீயா? வெக்கப்பட்டுகினு மாத்திரைய நிறுத்தற ஆளு நீ.”

முனிகிருஷ்ணன் மகாவிடம் கை நீட்டி, தனக்கு எழுதிக்கொடுத்த அதே மாத்திரையில் ஒன்றைக் கேட்டு வாங்கினான். தண்ணீர் கொடுக்க அவள் எழுவதற்குள், நாகேஷின் கண்ணைப் பார்த்தபடியே அதை வாயில் போட்டுக் கடித்தான். கசந்தது. முகம் கோணாமல் விழுங்கினான்.